ட்ராக்குகளையும் கேட்டு வாங்குங்கள்: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், பாடல் உரிமை வாங்கும் இசை நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு படத்தின் பாட்டு வேலை முடிந்ததும் உங்கள் கைக்கு வருவது என்ன? பாட்டுக்கு ஒரு ஸ்டீரியோ வேவ் ஃபைல், ஒரு மைனஸ் ட்ராக் (குரல் நீக்கிய இசை), பின்னணி இசைக்குச் சில ஸ்டெம்கள் (வகைவாரியாகக் கலந்த ட்ராக் தொகுப்புகள்). பல படங்களில் அவ்வளவுதான். அந்தப் பாட்டு உருவான செஷன், அதாவது கணினியில் பாட்டைக் கட்டிய வேலைக் கோப்பு, உங்களிடம் வருவதில்லை. பாடகரின் எல்லா டேக்குகள் (ஒவ்வொரு முறை பாடியதன் பதிவு), வயலின் பிரிவு, தவில், புரோகிராமர் அடுக்கிய ரிதம் என்று எண்பதோ நூற்றைம்பதோ ட்ராக்குகள் அதில் இருக்கும். இசையமைப்பாளரின் ஸ்டூடியோவிலோ மிக்ஸிங் எஞ்சினியரின் மேசையிலோ ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அது தங்கிவிடுகிறது. அதற்கு யார் பொறுப்பு என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும். 2000இல் வெளிவந்த பாட்டு 2060 முடியும்வரை உங்கள் சொத்து. அதைப் பதிந்த ஹார்ட் டிஸ்க்கோ இன்றைக்கே சுழலுமா என்பது சந்தேகம். உலகெங்கும் இசை நிறுவனங்களின் சேமிப்பைப் பராமரிக்கும் அயர்ன் மவுண்டன் நிறுவனம், தன்னிடம் வரும் 1990களின் ஹார்ட் டிஸ்க்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைப் படிக்கவே முடியவில்லை என்று 2024இல் சொன்னது. குளிரூட்டிய அறையில் வைத்திருந்தவையும் அந்தக் கணக்கில் உண்டு. நம் ஊர்ப் பரணில், கடற்காற்று ஈரத்தில் கிடப்பவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

டேப் காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. இரண்டு அங்குல 24 ட்ராக் டேப்பை ஏற்றி, ஹெட்டைத் துடைத்து, அலைன்மென்ட் பார்த்து ஓட்டினால் 24 சத்தமும் தனித்தனியே வந்துவிடும். 1970, 80களின் சில டேப்புகளில் பூச்சுப் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். அதற்கும் வழி உண்டு. சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் மெல்லச் சூடேற்றினால் கொஞ்ச நாளைக்கு ஓடும். அதற்குள் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினி செஷனுக்கு இப்படி ஒற்றை உடம்பு கிடையாது. ஹார்ட் டிஸ்க், ஃபைல் வடிவம், மென்பொருளின் பதிப்பு, ஆபரேட்டிங் சிஸ்டம், பிளக்இன் (மென்பொருளில் செருகும் துணை மென்பொருள்), அதன் உரிமச் சாவி, கேபிளில் மாட்டிய சிந்தசைஸர் என ஏழெட்டும் ஒன்றுகூடினால்தான் அது பாட்டாக ஒலிக்கும். ஒன்று விலகினாலும் பாட்டில் ஓட்டை விழும்.

எங்கெங்கே விழும் என்று பார்ப்போம்.

மிடி என்னும் முறை 1983இல் வந்தது. அது சத்தத்தைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எந்த நேரம் என்பதை மட்டும் எண்களாகக் குறித்துக்கொள்ளும். 1990களின் பழக்கப்படி கணினி இந்த எண்களை அனுப்ப, கோர்க் எம்1, ரோலண்ட் ஜேவி-1080 போன்ற கருவிகள் சத்தம் கொடுக்க, அது மிக்ஸர் வழியாக நேராக டாட் என்னும் டிஜிட்டல் டேப்பில் ஸ்டீரியோவாக இறங்கிவிடும். கணினியில் மிஞ்சியது எண்கள் மட்டும். "சானல் 3, நோட் 60, அழுத்தம் 100" என்று இன்று பார்த்தால் அது மணியா, பேஸா, கோரஸா என்று யாராலும் சொல்ல முடியாது. சத்தம் சிந்தின் உள் நினைவகத்தில் இருந்தது. அந்த நினைவகத்தைக் காத்தது உள்ளே இருக்கும் ஒரு நாணய அளவு பேட்டரி. பேட்டரி தீர்ந்த அன்றே, புரோகிராமர் நாள்கணக்கில் செதுக்கிய பேட்ச்களும் (சத்த அமைப்புகளும்) போயின. சிஸ்எக்ஸ் டம்ப், அதாவது அந்த அமைப்புகளின் நகல், எடுத்து வைத்திருந்தால் மீட்கலாம். எடுத்து வைத்தவர்கள் குறைவு.

இன்று வெளிச் சிந்துகள் குறைந்து, எல்லாம் கணினிக்குள்ளேயே பிளக்இன்னாக வந்துவிட்டன. சிக்கல் இடம் மாறியதே தவிரத் தீரவில்லை. ப்ரோ டூல்ஸ் என்னும் ஒலிப்பதிவு மென்பொருள் 2013இல் 11ஆம் பதிப்புக்கு மாறியபோது அதுவரை இருந்த டிடிஎம், ஆர்டிஏஎஸ் வகைப் பிளக்இன்கள் அதில் ஓடவில்லை. லாஜிக் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை உருவாக்கிய எமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் 2002இல் வாங்கியதும் விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்களுக்கு வழி அடைபட்டது. 2019இன் மேக் கேடலினா 32 பிட் மென்பொருள்களை ஒட்டுமொத்தமாக நிறுத்தியது. ஸ்டைன்பெர்க் தானே கொண்டுவந்த விஎஸ்டி 2 வகைக்கு விடைகொடுப்பதாக 2022இல் அறிவித்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொழில்நுட்பக் காரணம் உண்டு, யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய செஷனை இன்றைய கணினியில் திறந்தால், பிளக்இன் இல்லை என்ற அறிவிப்பு வரிசையாக வரும். சாம்பிள் இசைக்கருவி (பதிந்து வைத்த வாத்தியச் சத்தங்களை ஒலிக்கும் பிளக்இன்) போட்ட ட்ராக்குகள் மௌனமாக ஓடும். குரலில் போட்ட ரிவெர்ப் (எதிரொலிப்பு), கம்ப்ரஷன் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது) எதுவும் இருக்காது. குரல் திருத்தத்தை மெலோடைன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளில் செய்து ஆடியோவாக இறக்காமல் விட்டிருந்தால், திருத்தாத குரல்தான் கேட்கும்.

உரிமமில்லாமல் நிறுவிய பிளக்இன் என்றால் சிக்கல் இரட்டிப்பு. அதை மறுபடி நிறுவ நேர்வழியே கிடையாது, கேட்டுப் பெற ஒரு நிறுவனமும் கிடையாது. இதைக் குற்றம்சாட்டும் நோக்கில் சொல்லவில்லை. உங்கள் சொத்து அப்படி ஓர் அடித்தளத்தில் நிற்கக்கூடும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஃபைல் வடிவத்தின் கதையும் இதேதான். பழைய மேக் ஸ்டூடியோக்களில் சவுண்ட் டிசைனர் 2 என்ற வடிவில் ஆடியோ பதிந்தார்கள். அந்த ஃபைலின் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை சத்தத்தை அளப்பது), பிட் அளவு (ஒவ்வோர் அளவீட்டின் நுணுக்கம்) போன்ற விவரங்கள் ஆடியோவோடு சேர்ந்திராமல், ரிசோர்ஸ் ஃபோர்க் என்று மேக் மட்டும் அறிந்த தனிப் பகுதியில் இருக்கும். யாரோ ஒருவர் இடையில் அதை விண்டோஸ் டிஸ்க்கில் போட்டு எடுத்திருந்தால் அந்தப் பகுதி உதிர்ந்துவிடும். ஃபைலின் எடை சரியாக இருக்கும், திறக்க மட்டும் வராது. பலரும் அதைக் கெட்டுப்போனதாக நினைத்து அழித்திருக்கிறார்கள். உண்மையில் ஆடியோ முழுதும் உள்ளேயே இருக்கிறது. ரா டேட்டாவாக இறக்கி, 16 அல்லது 24 பிட், பிக் எண்டியன் (பைட்டுகளை அடுக்கும் ஒரு வரிசை), 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தால் ஏதோ ஒரு சேர்க்கையில் இரைச்சல் விலகிப் பாட்டு கேட்கும். பரணில் அப்படி ஃபைல்கள் இருந்தால் அழிக்க வேண்டாம்.

சாம்பிள் ரேட் இன்னொரு குழி. சிடிக்காக 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ட்ராக்கை, படத்துக்கான 48 கிலோஹெர்ட்ஸ் செஷனில் மாற்றாமல் போட்டால் வேகம் கூடும். 5 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 நொடியில் முடியும். சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைக்கட்டை ஏறும். 1 கட்டைப் பாட்டு ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கோ போய் நிற்கும். பாட்டென்றால் காது கண்டுபிடித்துவிடும். தனியாகக் கிடக்கும் ஒரு ஷேக்கர் ட்ராக்கில் கண்டுபிடிக்க முடியாது. பின்னணி இசையில் ஃபிரேம் ரேட்டும் (நொடிக்கு எத்தனை படச்சட்டம்) இப்படித்தான். 24க்கும் 23.976க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று. 20 நிமிட ரீலில் அது 1.2 நொடி. கதவு சாத்தும் இடத்தில் விழவேண்டிய அடி, ஆள் வெளியே போன பிறகு விழும். ஃபைலோடு ஒரு துண்டுக் குறிப்பு இருந்தால் இவை எதுவும் நேராது.

குரல் திருத்தம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் இசையைப் பொறுத்தவரை மீட்கவே முடியாத இழப்பு இங்கேதான் நடக்கிறது.

ஆட்டோ-டியூன் 1997இல் வந்தது. பாடகரின் குரல் எந்த ஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கணித்து, அந்த ஸ்வரத்துக்கு இழுத்து நிறுத்துவது அதன் வேலை. பியானோக் கட்டைகள் போல ஸ்வரங்கள் நிலையாக நிற்கும் இசைக்கு அது பொருந்தும். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்தபடி இருப்பதுதான் அந்தக் காந்தாரம். ரீட்யூன் வேகத்தை (எவ்வளவு விரைவாக இழுப்பது என்ற அமைப்பை) 0 மில்லிசெகண்டுக்கு அருகில் வைத்து, பன்னிரண்டு ஸ்வரங்களையும் திறந்துவிட்டால், மென்பொருள் அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஊசலையும் பக்கத்துக் கட்டையில் கொண்டுபோய் ஒட்டும். கமகம் படிக்கட்டாகிவிடும். நிதானமான எஞ்சினியர் திருத்த வேண்டிய நீண்ட நிலைஸ்வரங்களை மட்டும் வெட்டித் திருத்திவிட்டுக் கமகத்தைத் தொடாமல் விடுவார். மறுநாள் காலை வெளியீடு என்றால் அதற்கு நேரம் இருக்காது, மொத்தக் குரலும் ஒரே அமைப்பில் ஓடிவிடும்.

அவசரத்தில் அப்படிச் செய்வதைக்கூட ஏற்கலாம். திருத்திய குரலை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் குரலை அழிப்பதை ஏற்க முடியாது. நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரும், நேரமும் கிடைக்கும். அன்று மூலக் குரல் வேண்டும். அந்தப் பாடகர் மறைந்துவிட்டால் இரண்டாம் முறை பாட ஆளில்லை. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் குரல் மூன்று நிலையிலும் வேண்டும்: டேக்குகளை ஒட்டித் தைத்து, திருத்தம் எதுவும் செய்யாதது; திருத்தியது; எஃபெக்ட் எல்லாம் போட்டு மிக்ஸில் கேட்டது.

பிறகு தேவைப்பட்டால் செயற்கை நுண்ணறிவை வைத்து ஸ்டீரியோவிலிருந்தே பிரித்துக்கொள்ளலாமே என்று உங்களில் சிலர் நினைப்பது தெரியும். இசை ஸ்ட்ரீமிங் நிறுவனமான டீசர் 2019இல் ஸ்ப்ளீட்டர் என்ற பிரிப்பு மென்பொருளை வெளியிட்டதிலிருந்து இந்தத் துறை வேகமாக வளர்ந்திருப்பது உண்மைதான். வேறு வழியே இல்லாத பழைய பாட்டுகளுக்கு நாங்களும் அதைத்தான் நாடுகிறோம். ஆனால் அது பிரிப்பது குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்ற பெட்டிகளுக்குள். நம் பாட்டில் நாகஸ்வரமும் வயலினும் குரல் பெட்டியில் ஒட்டிக்கொள்வதும், மிருதங்கத்தின் வலந்தலை ஒரு பக்கமும் தொப்பி பேஸ் பக்கமும் சிதறுவதும் அடிக்கடி நடப்பவை. குரலின் ரிவெர்ப் பாதி இங்கும் பாதி அங்குமாகக் கிடக்கும். எட்டு வயலின் சேர்ந்து வாசித்ததில் ஒன்றை மட்டும் எடுக்கவே முடியாது. இழந்ததைத் தேடும் கருவி அது. கையில் இருப்பதைத் தூக்கிப் போட அதைக் காரணமாக்கக் கூடாது.

இந்த ட்ராக்குகளால் உங்களுக்கு என்ன வரவு? தெலுங்கு, இந்தி, மலையாளப் பதிப்புகளை முதலில் பாருங்கள். கோரஸில் சொற்கள் இருந்து, அது இசை ஸ்டெம்மோடு கலந்து இறங்கியிருந்தால், தெலுங்குப் பாட்டுக்குப் பின்னால் தமிழ் கேட்கும். சொல் கோரஸ் தனி, ஹம்மிங் தனி என்று இருந்தால் ஒரு நாளில் முடியும் வேலை, இல்லாவிட்டால் மறுபதிவு. அடுத்தது டால்பி அட்மாஸ் என்னும் சுற்றொலி முறை. 2021இல் ஆப்பிள் மியூசிக் அதைத் தன் பட்டியலில் சேர்த்த பிறகு பழைய பாட்டுகளுக்கும் கேட்பு வந்திருக்கிறது. அட்மாஸ் மிக்ஸில் 128 உள்ளீடுகள்வரை வைத்துச் சத்தங்களைக் கேட்பவரைச் சுற்றி நிறுத்தலாம். இரண்டு சானல் ஸ்டீரியோவை மட்டும் கொடுத்தால் நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது. பழைய படங்களை மறுவெளியீடு செய்து தியேட்டர் நிறைவதை இப்போது பார்க்கிறீர்கள். படத்தை 4கேயில் மீட்டெடுக்கிறோம், பாட்டு மட்டும் பழைய நெருக்கிப் பிழிந்த மாஸ்டரிலேயே ஓடுகிறது.

இனி, என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது.

பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். அதில் ஒவ்வொரு ட்ராக்கும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுவரை ஒரே நீளத்தில், இடைவெளியே இல்லாத ஒற்றை வேவ் ஃபைலாக இருக்க வேண்டும். புல்லாங்குழல் மூன்றாம் நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும் ஃபைல் சுழியத்தில் தொடங்க வேண்டும். அப்படி இருந்தால் ஐம்பது ஆண்டு கழித்து எந்த மென்பொருளிலும் எல்லா ஃபைலையும் ஒரே கோட்டில் போட்டு உடனே ஓட்டலாம், ப்ரோ டூல்ஸும் வேண்டாம், க்யூபேஸும் வேண்டாம். பதிந்த சாம்பிள் ரேட்டிலேயே, 24 பிட்டில் இருக்கட்டும். 44.1இல் பதிந்ததை 48க்கு ஏற்றித் தருவதால் தரம் கூடாது. நேரக்குறியீட்டை ஃபைலுக்குள்ளேயே தாங்கும் பிராட்காஸ்ட் வேவ் வகை என்றால் இன்னும் நல்லது.

சாம்பிள் இசைக்கருவிகள், சிந்துகள் எல்லாம் ஆடியோவாக இறங்கியிருக்க வேண்டும். கூடவே மிடி ஃபைலும் வேண்டும். டெம்போவும் தாள மாற்றமும் அதில்தான் இருக்கும். க்ளிக் ட்ராக்கையும் (தாளத்தை எண்ணும் டிக் ஒலி) ஓர் ஆடியோ ஃபைலாக இறக்கி வைக்கச் சொல்லுங்கள். நான்கு மாத்திரையிலிருந்து மிஸ்ரசாபுக்கு மாறும் பாட்டில், டெம்போ மேப் தொலைந்தாலும் க்ளிக்கைக் கேட்டுத் திரும்பக் கட்டிவிடலாம்.

ட்ராக்குகள் எஃபெக்ட் இல்லாமல் ஒரு தொகுதி, எஃபெக்ட்டோடு ஒரு தொகுதி. அதற்கு மேல் ஸ்டெம்கள்: முதன்மைக் குரல், சொல் கோரஸ், ஹம்மிங், தாளம், பேஸ், தந்திக் கருவிகள், காற்றுக் கருவிகள், கீபோர்டு, தனி வாத்தியம். ஸ்டெம் எடுக்கும்போது ஒரு தவறு தவறாமல் நடக்கும். மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ட்ராக்கும் வந்து சேரும் கடைசித் தடத்தில்) கம்ப்ரஸர் இருந்தால், மொத்தப் பாட்டும் சேர்ந்து அழுத்தும்போது அது ஒருவிதமாக வேலை செய்யும், பேஸை மட்டும் தனியே ஓட்டினால் வேறுவிதமாக வேலை செய்யும். ஸ்டெம்களைக் கூட்டினால் மூல மிக்ஸ் வராது. அதனால் மாஸ்டர் பஸ்ஸில் உள்ள எஃபெக்ட்டுகளை அணைத்து ஸ்டெம்களை எடுத்துவிட்டு, அதே நிலையில் மொத்த மிக்ஸையும் ஒருமுறை எடுக்க வேண்டும். பிறகு சோதனை: ஸ்டெம்களின் கூட்டையும் அந்த மிக்ஸையும் மேலும் கீழுமாக வைத்து, ஒன்றின் போலாரிட்டியை (அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்பினால் ஏறத்தாழ அமைதி வர வேண்டும். கோரஸ் (குழுப்பாட்டு அல்ல, அந்தப் பெயரில் உள்ள எஃபெக்ட்), ரிவெர்ப் போல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும் எஃபெக்ட்டுகளின் மெல்லிய எச்சம் கேட்கலாம். ஒரு வாத்தியமே தெளிவாகக் கேட்டால் அது ஏதோ ஒரு ஸ்டெம்மில் விடுபட்டிருக்கிறது.

பெயர் வைப்பதில் கண்டிப்பு வேண்டும். "ஆடியோ 27_03" என்ற பெயரை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தேட முடியாது. எண், வாத்தியம், நிலை என்று வையுங்கள். ஃபைல் பெயரில் மட்டும் ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதைத் தமிழ்ப் பற்றோடுதான் சொல்கிறோம். "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். பழைய மேக் டிஸ்க் வடிவம் அதைப் பிரித்தே வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், செஷன் மட்டும் ஃபைலைக் காணோம் என்று சொல்லும். தமிழை ஃபோல்டருக்குள் இருக்கும் குறிப்பில் நிறைய எழுதுவோம்.

அந்தக் குறிப்பு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும். பாட்டின் பெயர், படம், பதிந்த தேதிகள், ஸ்டூடியோ, சாம்பிள் ரேட், பிட், டெம்போ, தாளம், ராகச் சாயல் இருந்தால் அது, சுருதி எத்தனை கட்டை என்பவை வேண்டும். நாகஸ்வரத்துக்காகவோ வீணைக்காகவோ சுருதியை 440 ஹெர்ட்ஸிலிருந்து நகர்த்தியிருந்தால் எத்தனை சென்ட் (அரைக்கட்டையில் நூறில் ஒரு பங்கு) என்றும் எழுத வேண்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.ஆர்.சி எண்ணும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ட்ராக்கில் யார் வாசித்தார் என்ற விவரம். 2012 சட்டத் திருத்தம் நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகை உண்டு என்கிறது. யார் என்றே பதியாவிட்டால் அதைக் கொடுக்க நினைப்பவராலும் கொடுக்க முடியாது. ஒரு பாட்டின் உயிரே அந்த எட்டு நொடி ஷெனாய்தான் என்றிருக்கும், அதை வாசித்தவர் பெயர் எங்குமே இருக்காது. இது மாற வேண்டும்.

இடமும் செலவும் எவ்வளவு ஆகும்? 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். 5 நிமிடப் பாட்டு, 100 ட்ராக் என்றால் 4.3 ஜிகாபைட். எஃபெக்ட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரட்டித்தால் 9க்குள். ஆறு பாட்டுக்கு 54. பின்னணி இசைக்கு எட்டு 5.1 (ஆறு சானல்) ஸ்டெம்கள் என்றால் 48 சானல், இரண்டரை மணி நேரம் முழுதும் ஓடினாலும் 62 ஜிகாபைட்தான். ஒரு படத்தின் மொத்த இசையும் 120 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மூல செஷன்களையும் சேர்த்தே வையுங்கள், அதற்கு இன்னும் சில மடங்கு இடம் பிடிக்கட்டும். ஒரு கால்ஷீட் வயலின் பிரிவுக்கு ஆகும் தொகையின் முன்னால் இந்த டிஸ்க்குகளின் விலை பெரிதல்ல. உண்மையான செலவு ஆள் நேரம். கவனமாகச் செய்தால் பாட்டுக்கு அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளுக்கு எஞ்சினியருக்கோ உதவியாளருக்கோ தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஒதுக்காமல் கேட்டால் மிக்ஸ் முடிந்த அதிகாலை நான்கு மணிக்குத் தூக்கக் கண்ணோடு செய்த வேலைதான் வந்து சேரும்.

வைக்கும் முறை: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு எல்டிஓ டேப் (கணினித் தரவுச் சேமிப்பு டேப்) என்று வைக்கலாம், அல்லது மூன்றாவதை கிளவுடில் வைக்கலாம். எஸ்எஸ்டியை அலமாரியில் போட்டு மறக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் இருக்கையில் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். வேலை செய்ய எஸ்எஸ்டி, சேமிக்க வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் சென்னை. வடபழனியில் ஒரு நகல், சாலிகிராமத்தில் ஒரு நகல் என்றால் அது இரண்டு இடம் ஆகாது. 2008இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத் தீயில் மூல டேப்புகள் எரிந்ததன் முழுக் கனம் 2019இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. எல்லாம் ஒரே கிடங்கில் இருந்ததால் வந்த வினை அது.

நகல் எடுத்தவுடன் ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் மாறினால் தானும் மாறும் சோதனை எண்) எடுத்து அந்தப் பட்டியலையும் உள்ளேயே வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை டிஸ்க்கை ஓட்டி, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய சாதனத்துக்கு மாற்ற வேண்டும். எல்டிஓவிலும் கவனம் தேவை. 8ஆம் தலைமுறை டிரைவ் 7ஆம் தலைமுறை டேப்பைப் படிக்கும், 6ஐப் படிக்காது.

இசையமைப்பாளர்களின் தயக்கத்தையும் நாங்கள் அறிவோம். செஷனைக் கொடுத்தால் தங்கள் கைப்பக்குவம் வெளியே போய்விடும், தங்களைக் கேட்காமல் ரீமிக்ஸ் செய்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகத்தான் இறக்கிய வேவ் ஃபைல்களைக் கேட்கச் சொல்கிறோம். பிளக்இன் அமைப்புகளும் சொந்த சாம்பிள்களும் கொண்ட மூல செஷன் அவரிடமே இருக்கட்டும், அல்லது முத்திரையிட்டு இரு தரப்பு ஒப்புதலோடு மட்டும் திறக்கும் நகலாக இருக்கட்டும். எந்தப் புது மிக்ஸுக்கும் முன்னால் இசையமைப்பாளரைக் கேட்க வேண்டும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த நம்பிக்கையை நீங்கள் கொடுத்தால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் இப்படி எழுதலாம்: "ஒவ்வொரு பாடலுக்கும், சுழியப் புள்ளியிலிருந்து தொடங்கும் தனித்தனி ட்ராக்குகள் எஃபெக்ட்டோடும் இல்லாமலும், திருத்தாத மூலக் குரல், ஸ்டெம்கள், மிடி, க்ளிக், குறிப்பு ஃபைல் ஆகியவற்றைச் சரிபார்த்து ஒப்படைத்த பின் இறுதித் தவணை வழங்கப்படும். இந்தப் பணிக்கான தொகை தனியே குறிப்பிடப்படும். இவற்றை இசையமைப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி மறுகலவைக்குப் பயன்படுத்தலாகாது." வழக்கறிஞர் இதைச் செம்மையாக்கட்டும். சரிபார்ப்பது மட்டும் உங்கள் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, வேறு ஒரு கணினியில், வேறு ஒரு மென்பொருளில் எல்லா ஃபைலையும் போட்டு ஓட்டிப் பார்ப்பதாக இருக்க வேண்டும். ரசீதில் கையெழுத்துப் போடுவது சரிபார்ப்பு ஆகாது.

கடைசியாக, ஏற்கெனவே உங்கள் அலுவலகப் பீரோவில் கிடக்கும் பழைய டிஸ்க்குகள். தயவுசெய்து ஆர்வத்தில் எடுத்து அலுவலகக் கணினியில் மாட்டிவிடாதீர்கள். மேக் வடிவ டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கும். ஒருவர் ஆம் என்று அழுத்தினால் பாட்டு போயிற்று. மிகப் பழைய எச்எஃப்எஸ் வடிவ மேக் டிஸ்க்குகளைக் கேடலினாவும் அதற்குப் பிந்தைய மேக்குகளும் படிக்கவே படிக்காது, அதனால் காலி என்றும் எண்ணிவிடாதீர்கள். முதலில் ஒவ்வொன்றின் லேபிளையும் இணைப்பு முனையையும் புகைப்படம் எடுங்கள். ஸ்கசியா, ஐடிஇயா, ஃபயர்வயரா என்று அதிலேயே தெரியும். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் ஒரே படிமமாக நகலெடுக்கச் சொல்லுங்கள். கெட்ட இடத்தைத் தாண்டிப்போய் நல்லதை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் அது கெட்ட இடத்துக்குத் திரும்பும். மற்ற எல்லா வேலையும் அந்த நகலில்தான். டிக் டிக் என்று சத்தம் வந்தால் அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு முறை முயன்றால் ஹெட் தட்டையே சுரண்டிவிடும்.

ஏடேட், டிஏ-88 என்னும் பழைய டிஜிட்டல் மல்டிட்ராக் டேப்புகளும் அதே பீரோவில் இருக்கலாம். பார்வைக்கு வீடியோ கேசட் போலவே இருக்கும். ஒவ்வொன்றிலும் எட்டு ட்ராக்தான், ஒரு பாட்டுக்கு மூன்று நான்கு கேசட்டுகள் ஒரு தொகுதியாக இருக்கும். ஒன்றைத் தனியே பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றை ஓட்டும் கருவிகளுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது ஒவ்வோர் ஆண்டும் அரிதாகி வருகிறது. ஓடும் நிலையில் கருவி வைத்திருப்பவர்கள் சென்னையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த மழைக்காலத்துக்கு முன் அந்தப் பீரோவைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
திரையிசை ஒலிப்பதிவுப் பொறியாளர்கள், கீபோர்டு மற்றும் ரிதம் புரோகிராமர்கள் சிலர்
சென்னை